முட்டிக்கு அப்ரூவல்

திருப்பூரில் மெர்ச்சன்ட் என்றால் யார் என்று வெளியூர்க்காரர்களுக்கு முதலில் சொல்லிவிட வேண்டும். வியாபாரி என்று நினைத்துக்கொண்டு படித்தால் கதை புரியாது. பனியன் கம்பெனியில் ஏசி அறைக்குள் உட்கார்ந்து, துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரனோடு மெயிலில் பேசுகிறவர்தான் மெர்ச்சன்ட். முழுப்பெயர் மெர்ச்சண்டைசர். அவ்வளவு நீளமாகக் கூப்பிட இந்த ஊரில் யாருக்கும் நேரம் கிடையாது. நூலின் நிறம், பட்டனின் பளபளப்பு, கழுத்துப்பட்டியின் அகலம், அட்டைப்பெட்டியில் ஒட்டுகிற லேபிளின் சாய்மானம், எதுவானாலும் மெர்ச்சன்ட் பார்த்து 'அப்ரூவ்டு' என்று சொன்னால்தான் அடுத்த வேலை நகரும். சொல்லாவிட்டால் ஐந்நூறு பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கடவுளுக்கும் இந்த ஊரில் மரியாதை உண்டுதான், ஆனால் அவர் மெயில் அனுப்புவதில்லை.

நதியா அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பெண். கல்யாணமானதும் கணவன் மாரிச்செல்வத்தோடு வீரபாண்டியில் குடியேறி, ஒரு பனியன் கம்பெனியில் சிங்கர் மெஷினில் டெய்லராக உட்கார்ந்தவள். அந்த மெஷினுக்குக் கையும் பாதமும் மட்டும் போதாது, வலது முட்டியும் வேண்டும். மேஜைக்கு அடியில் ஒரு தகடு தொங்கும். முட்டியால் அதைப் பக்கவாட்டில் தட்டினால், துணியை அமுக்கிக்கொண்டிருக்கும் இரும்புக் கால் மேலே எழும்பும். காலையிலிருந்து சாயங்காலம் வரை தட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

நதியாவின் வலது முட்டிச் சில்லுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் கபடி ஆடும்போது ஒரு முறை இடம் மாறியது, அதற்கப்புறம் சொல்லாமல் கொள்ளாமல் வெளிப்பக்கமாக நழுவ ஆரம்பித்துவிட்டது. முதலில் எப்போதாவது. பிறகு பஸ் படியில் ஏறினால், சிலிண்டரை நகர்த்தினால், தூக்கத்தில் புரண்டு படுத்தால்கூட. கடைசியில் ஒரு நாள் வேலை நடக்கும்போதே நழுவி, அவள் போட்ட கூச்சலில் பக்கத்து மெஷினில் இருந்த ஒடிசாப் பெண் தன் விரலில் ஊசியை இறக்கிக்கொண்டாள். ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது.

பெருமாநல்லூர் ரோட்டில் பொன்னூசி மல்டி ஸ்பெஷாலிட்டி மருத்துவமனை இருந்தது. அதைக் கட்டியவர் சேர்மன் ஆத்தப்பன். டீ-சர்ட் ஏற்றுமதியில் பெரிய ஆள். திறப்பு விழாவில் அவர் பேசியதை ஊரே கேட்டது.

"ஆஸ்பத்திரி நடத்த இவனுக்கு என்ன தெரியும்னு கேக்கறாங்க. ஏனுங்க, டீ-சர்ட்டும் ஆளும் வேறயாங்க? ரெண்டுக்கும் ரெண்டு கை, ஒரு கழுத்து. கிழிஞ்சு வந்தாத் தைக்கறோம். கறை இருந்தாத் தொடைக்கறோம். மடிச்சுப் பையில போட்டு அனுப்பறோம். முப்பது வருஷமா இதத்தானுங்க பண்ணீட்டிருக்கறேன். டீ-சர்ட்டு மட்டும் வலிக்குதுன்னு சொல்லாது. அதொண்ணுதான் வித்தியாசம். அதையும் போகப்போகச் சரி பண்ணிக்கலாங்க."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. தன் கம்பெனியில் குவாலிட்டி மேனேஜராக இருந்த வேலுமணியையே மருத்துவமனைக்கும் நிர்வாகி ஆக்கினார். வேலுமணி தங்கமான மனிதர். அவருக்குத் தெரிந்ததை மறக்க அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். வார்டுக்கு 'லைன்' என்று பெயர் வைத்தார். வீட்டுக்கு அனுப்புவது 'டிஸ்பாட்ச்'. குணமாகாமல் திரும்பி வருகிறவர் 'ஆல்ட்டர்'. திரும்பியே வர முடியாதவர்களுக்கும் ஏதோ பெயர் இருந்தது, அதை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆபரேஷன் செய்தவர் டாக்டர் நிதிஷ். கோயமுத்தூரிலிருந்து வாரம் ஒரு முறை வந்து போகிறவர். நதியாவின் தொடைக்குப் பின்னாலிருந்து ஒரு தசைநாரை எடுத்து, சில்லை உள்பக்கமாக இழுத்து, இரண்டு குட்டி உலோக ஆணிகள் வைத்துக் கட்டினார். கால் மடங்காமலிருக்க இடுப்புக்குக் கீழே கணுக்கால் வரைக்கும் ஒரு பட்டை போட்டார். தையல் பிரித்த அன்று அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லா இருக்குதுங்க. சில்லு அதுக்குண்டான தடத்துல உக்காந்திருக்குதான்னு ஒரு படம் மட்டும் பார்த்துட்டா, பட்டையக் கழட்டிப்போட்டு மடக்க ஆரம்பிச்சிரலாம். அதுவரைக்கும் மடக்க வேண்டாம். ஆனா தள்ளிப் போடாதீங்க. மடக்காமயே விட்டா முட்டி இறுகிப் போயிரும். அப்பறம் மெஷின்ல உக்காரவே முடியாது."

"என்ன படம் எடுக்கணும் டாக்டர்?" என்றாள் நதியா.

"மெர்ச்சன்ட் வியூ. சொன்னாத் தெரியும். மெர்ச்சன்ட் பார்க்காம பிசியோவுக்குப் போயிராதீங்க."

நதியாவுக்கு ஆச்சரியமே வரவில்லை. ஒரு காலரைத் தைப்பதற்கே மெர்ச்சன்ட் பார்க்க வேண்டும் என்றால், காலைத் தைத்துவிட்டுப் பார்க்காமல் விடுவார்களா? மாரிச்செல்வம்கூட, "பரவாயில்ல, ஒழுங்காத்தான் நடத்துறாக" என்றான். எக்ஸ்ரே கவுண்டரில் அவளே சொன்னாள்: "மெர்ச்சன்ட் பாக்கணுமாம்க்கா."

கவுண்டரில் இருந்த பெண்ணும் முன்பு லேபிள் செக்‌ஷனில் இருந்தவள். "எந்த மெர்ச்சன்டுக்கு அனுப்போணுங்க?" என்று கேட்டாள். நதியாவுக்குத் தெரியவில்லை. வேலுமணியைக் கூப்பிட்டார்கள். டாக்டரின் சீட்டை அவர் இரண்டு முறை படித்தார். கண் கலங்கிவிட்டது.

"இந்த டாக்டர்மாருக எல்லாம் அவங்களே பண்ணி, அவங்களே பார்த்து, அவங்களே சரின்னுக்குவாங்க. எத்தன தடவ சொல்லியிருப்பேன்! இன்னைக்குத்தானுங்க ஒருத்தருக்குப் புத்தி வந்திருக்குது. நம்ம கம்பெனி ஜெயபாரதிக்கு அனுப்பு கண்ணு."

காலை நீட்டிப் படுக்க வைத்து மேலிருந்து ஒரு படம் எடுத்தார்கள். சில்லு தடத்தில் இருக்கிறதா இல்லையா என்பது அந்தப் படத்தில் தெரியவே தெரியாது. கூரைக்கு மேலே நின்று வீட்டைப் படம் எடுத்துவிட்டு, உள்ளே ஆள் உட்கார்ந்திருக்கிறாரா படுத்திருக்கிறாரா என்று கேட்பது மாதிரி. டாக்டர் அந்த வாரமே ஏதோ மாநாடு, அதையொட்டிப் பயிற்சி என்று இரண்டு மாதத்துக்கு விமானம் ஏறிவிட்டார்.

ஜெயபாரதி ஆத்தப்பனுடைய கம்பெனியில் மெர்ச்சன்ட். குழந்தைகள் ஜட்டி ஆர்டர் ஒன்றில் யானைப் படத்தின் தும்பிக்கை மேலே போவதா கீழே வருவதா என்று பிரான்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம். மெயிலைத் திறந்தால் எலும்பு. கீழே, 'மெர்ச்சன்ட் வியூவுக்காக. அர்ஜன்ட்'. எனக்குத் தெரியாது என்று பதில் போட அவளுக்கு விரல் துடித்தது. சேர்மன் கம்பெனியில் தெரியாது என்று பதில் போட்ட மெர்ச்சன்ட் யாரும் அடுத்த மாதம் மெர்ச்சன்டாக இருந்ததில்லை. அதனால் பத்து வருஷமாக எல்லாவற்றுக்கும் போடுகிற பதிலையே போட்டாள். ஜோடிப் பீஸின் படம் எங்கே? அளவு எங்கே? உள்ளே இரண்டு வெள்ளைப் புள்ளி தெரிகிறதே, அது என்ன?

வேலுமணி டேப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். இடது முட்டியை அளந்தார். வலது முட்டியை அளந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"வலது கூட இருக்குதுங்க அம்மிணி. கூடக்கொறச்சலுக்கு உட்ட டாலரன்ஸத் தாண்டுது."

"அண்ணே, வீங்கியிருக்குண்ணே," என்றான் மாரிச்செல்வம். "கத்தி வச்ச காலு வீங்காம என்னண்ணே செய்யும்?"

"காரணம் வேறங்க, அளவு வேறங்க. அளவுக்குக் காரணமெல்லாம் தெரியாதுங்க."

சொல்லிக்கொண்டே சட்டைப்பையிலிருந்து சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை உரித்து, நதியாவின் கால்பட்டைமேல் ஒட்டினார். பனியன் கம்பெனியில் துணியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் அந்த இடத்தைக் காட்டி இப்படித்தான் அம்பு ஒட்டுவார்கள். "மெர்ச்சன்ட் பார்த்துச் சொல்லாம இத யாரும் எடுக்கக் கூடாதுங்க. சுவத்துல ரூல்ஸு எழுதிப் போட்டிருக்கறேன் பாருங்க, என்ற கையெழுத்துதான்" என்றார். அவர் காட்டிய இடத்தில், வரவேற்பறைச் சுவரில், அது பெரிய எழுத்தில் இருந்தது. அன்றைக்குப் பஸ்ஸில் கண்டக்டர் அம்பைப் பார்த்துவிட்டு, சீட்டு கொடுக்காமல் கொஞ்ச நேரம் யோசித்தார்.

அடுத்தது வெள்ளைப் புள்ளி. அந்த இரண்டும் டாக்டர் வைத்த ஆணிகள் என்று ஆபரேஷன் குறிப்பிலேயே இருந்தது. ஆனால் வேலுமணி படத்தைப் பார்த்தார், குறிப்பைப் பார்க்கவில்லை. தைத்த பொருளுக்குள் உலோகம் என்றால் அவருக்கு ஒன்றுதான் அர்த்தம்: உடைந்த ஊசி. குழந்தைகள் சட்டைக்குள் ஊசித்துண்டு போய்விட்டால் கப்பலையே திருப்பி அனுப்புவார்கள். அதே நாளில் ஆபரேஷன் ஆன மொத்த 'லாட்டையும்' நிறுத்தினார். பித்தப்பை எடுத்த மளிகைக்கடைக்காரர், மூக்குச் சதை வெட்டிய வாத்தியார், சிசேரியன் ஆன பெண், அந்தப் பெண்ணின் கைக்குழந்தை, எல்லோரும் வெள்ளகோவில் வரைக்கும் போன் போட்டுத் திரும்ப வரவழைக்கப்பட்டார்கள். கம்பெனியிலிருந்து ஊசி கண்டுபிடிக்கும் மெஷின் டெம்போவில் வந்து இறங்கியது. சட்டைகள் ஊர்ந்து போகிற பெல்ட்டில் மளிகைக்கடைக்காரரைப் படுக்க வைத்துப் பார்த்தார்கள். தோளுக்குமேல் போகவில்லை. பிறகு கையில் பிடித்துத் தடவுகிற கருவி வந்தது.

நதியாவின் முட்டியில் அதை வைத்தபோது சத்தம் வரவில்லை. அது இரும்பைத்தான் மோப்பம் பிடிக்கும், டாக்டர் வைத்தது வேறு உலோகம். வேலுமணிக்கு ஏமாற்றமாக இருந்தது. கருவியை மெல்ல மேலே கொண்டுபோனார். கழுத்துக்கு வந்ததும் வீல் என்று அலறியது. தாலிக்கயிற்றில் கோத்து வைத்திருந்த ஊக்கு.

"ஊக்குய்யா அது!" என்றாள் நதியா.

வேலுமணி அதற்குள் எழுதிவிட்டார்: படத்தில் முட்டியில் இருந்த உலோகம், நேரில் கழுத்தில் இருக்கிறது. நகர்ந்திருக்கலாம். கழுத்துக்கும் படம் எடுக்கவும்.

கழுத்துக்கும் எடுத்தார்கள். அதற்கும் ஜெயபாரதியிடமிருந்து கமெண்ட் வந்தது. நதியா வீட்டில் காலை நீட்டியபடி கிடந்தாள். வீடு என்றால் ஒரே அறை. கால் வாசல்படியைத் தாண்டி நீண்டதால் கதவைச் சாத்த முடியவில்லை. பிசியோவுக்குப் போன் செய்தால், படம் பார்க்காமல் தொட மாட்டோம் என்றார்கள். கம்பெனியில் அவள் மெஷினில் வேறொருத்தியைத் தற்காலிகமாக உட்கார வைத்திருப்பதாகத் தகவல் வந்தது. திருப்பூரில் தற்காலிகம் என்ற சொல்லுக்கு எல்லாருக்கும் அர்த்தம் தெரியும்.

"ஏங்க," என்றாள் ஒரு நாள், மாரிச்செல்வம் சாதம் வடித்துக்கொண்டிருக்கும்போது. "முட்டி ஏங்கிட்ட இருக்கு. பாக்க வேண்டியவுக எங்கிட்டோ இருக்காக. உள்ளுக்குள்ள கட்டி தட்டிப்போன மாதிரி இருக்குங்க. எனக்குப் பயமா இருக்கு."

அவனுக்கும் பயமாகத்தான் இருந்தது. மறுநாள் அவன் போய்க் கத்தியதில் ஒரு பலன் கிடைத்தது. வேலுமணி அவர்கள் இருவரையும் மருத்துவமனையின் 'குவாலிட்டி டே' என்கிற தர தின விழாவுக்கு அழைத்தார்.

விழாவில் நதியாவைச் சக்கர நாற்காலியில் வைத்து, நீட்டிய காலும் அம்பும் சபைக்குத் தெரிகிற மாதிரி மேடையில் நிறுத்தினார்கள். ஆத்தப்பன் மைக்கைப் பிடித்தார்.

"இந்தக் கண்ணப் பாருங்க. மத்த ஆஸ்பத்திரியா இருந்தா என்னங்க பண்ணியிருப்பான்? டாக்டரு ஒருத்தரு பார்ப்பாரு, சரிம்பாரு, அனுப்பிருவான். ஒராள நம்பி உடறதா? நம்முளுதுல இந்த முட்டிய அட்மின் பார்த்தாச்சு, ஸ்டோர்ஸ் பார்த்தாச்சு, மெர்ச்சன்ட் பார்த்தாச்சு, நேத்து என்ற மருமகனும் பார்த்துட்டான். டாக்டரு ஒருத்தருதானுங்க இன்னும் பார்க்கல! அதுதான் சிஸ்டம். ஆளு இல்லீனாலும் ஓடோணும். பேஷண்டு இல்லீனாலும் ஓடற மாதிரி இத ஒரு நாளைக்குக் கொண்டு வந்துருவேனுங்க."

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நதியாவால் எழ முடியவில்லை. அதைக்கூட ஆத்தப்பன் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒருவழியாக டாக்டர் நிதிஷ் ஊர் திரும்பினார். நதியாவைப் பார்த்ததும், "ஏனுங்க, இன்னும் பட்டையவே கழட்டலீங்களா?" என்று பதறினார். கம்ப்யூட்டரில் படத்தைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. 'பெண்டிங்: மெர்ச்சன்ட்' என்று வந்தது. வேலுமணி ஓடி வந்து நடந்ததையெல்லாம் பெருமையாகச் சொன்னார். டாக்டர் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"மெர்ச்சன்ட்ங்கறது ஒரு டாக்டரு பேருங்க! முட்டிய மேஜ விளிம்புல பாதி மடக்கித் தொங்கவிட்டு, தலைப்பக்கமிருந்து எடுக்கற படம். அத அவரு சொல்லிக் குடுத்தாரு, அதனால அவரு பேரு."

வேலுமணி பேனாவை எடுத்தார். "அவரு எந்தக் கம்பெனிங்க?"

"அமெரிக்காங்க."

"அப்பச் சரிங்க. மெயில்ல அவருக்கும் ஒரு சிசி போட்டிரலாம்."

டாக்டரே அவளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு எக்ஸ்ரே அறைக்குப் போனார். நதியாவை மேஜைமேல் படுக்க வைத்து, பட்டையைக் கழற்றி, முட்டியை விளிம்புக்குக் கொண்டுவந்தார். "மெதுவாத் தொங்க விடுங்க. பாதி மடங்கினாப் போதும்."

கால் தொங்கவில்லை. மேஜைக்கு வெளியே பலகை மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. டாக்டர் கணுக்காலைப் பிடித்து லேசாக அமுக்கினார். நதியா அலறினாள். வலிக்காக மட்டும் அலறவில்லை. ஆறு வருஷமாகத் தகடு தட்டிய முட்டி அது, அவள் சொன்ன பேச்சைக் கேட்கிற முட்டி. இப்போது அவள் சொல்லச் சொல்ல அது சும்மா கிடந்தது. மாரிச்செல்வம் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதான்.

"இறுகிப் போச்சுங்க," என்றார் டாக்டர். அவர் குரலே மாறிவிட்டது. "மயக்கம் குடுத்து மடக்கித்தான் உடோணும். என்ற தப்பும் இருக்குதுங்க. நின்னு வெவரமாச் சொல்லியிருக்கோணும்."

அப்போது வேலுமணியின் போன் மணியடித்தது. பார்த்தவர் முகம் மலர்ந்தது.

"அப்ரூவ்டு! வந்துட்டுதுங்க அம்மிணி, முட்டி பாஸு!"

"முட்டி மடங்கலியேய்யா."

"அது வேற கம்ப்ளைண்ட்டுங்க. ஆல்ட்டர்ல வரும். ஒண்ணும் பிரச்சினையில்ல, புதுசா ஒரு படம் எடுத்து மெர்ச்சன்டுக்கு அனுப்பிச்சு..." என்று சொல்லிக்கொண்டே, அப்ரூவல் வந்துவிட்டதால், கழற்றி வைத்த பட்டையிலிருந்து அம்பை உரிக்கக் கையை நீட்டினார்.

நதியா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். தானே அம்பை உரித்து எடுத்தாள். "என்னத் தூக்கி விடுங்க" என்று மாரிச்செல்வத்திடம் சொன்னாள். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, மடங்காத காலை இழுத்து இழுத்து, வரவேற்பறை வரைக்கும் நடந்தாள். பின்னாலேயே டாக்டரும் வேலுமணியும் வந்தார்கள். அங்கே சுவரில் ஆத்தப்பனின் ஆளுயரப் படம் இருந்தது, ஒரு கையில் நூல்கண்டும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புமாக. நதியா எட்டி, அவருடைய நெற்றி நடுவில் அம்பை ஒட்டினாள்.

"டேமேஜ் எங்கிட்டு இருக்குன்னு எனக்கும் தெரியும்ய்யா," என்றாள். "நானும் இந்த ஊர்லதான் தைக்கிறேன்."

டாக்டர் அவளைத் தன் காரிலேயே கோயமுத்தூருக்கு அழைத்துப் போனார். மயக்கம் கொடுத்து மடக்கினார்கள். பிறகு மெர்ச்சன்ட் வியூ எடுத்தார்கள். சில்லு தடத்தில் அச்சாக உட்கார்ந்திருந்தது. ஆபரேஷன் ஆன நாளிலிருந்தே அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறது. யாராவது ஒரு தரம் பார்த்திருந்தால் போதும். நதியா இப்போது தினமும் பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கிப் பழகுகிறாள். மெஷினுக்கு அடியில் இருக்கும் தகடு வரைக்கும் முட்டி இன்னும் போகவில்லை. போகும் என்கிறாள். அவள் மெஷினில் தற்காலிகமாக உட்கார்ந்தவள் இன்னும் தற்காலிகமாகவே உட்கார்ந்திருக்கிறாள்.

படத்தில் ஒட்டிய அம்பை உரிக்க வேலுமணி அன்றைக்கே கையை நீட்டினார். கை நெற்றிக்குப் பக்கத்தில் போனபோது, பக்கத்துச் சுவரில் அவரே எழுதிய ரூல் கண்ணில் பட்டது. கையை இழுத்துக்கொண்டார். சேர்மனைப் போட்டோ எடுத்து, நடந்ததை விவரமாக எழுதி, அம்பை எடுக்கலாமா என்று கேட்டு, மெர்ச்சன்டுக்கு அனுப்பினார்.

ஜெயபாரதி மெயிலைப் படித்தாள். இத்தனை நாள் தான் கமெண்ட் போட்டுக்கொண்டிருந்தது ஒரு பெண்ணின் நடை என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. வேலையில் சேர்ந்ததிலிருந்து முதல் முறையாக உடனே பதில் போட்டாள்.

'டேமேஜ் கன்ஃபர்ம்டு. அம்பு சரியான இடத்தில் இருக்கிறது. எடுக்க வேண்டாம்.'

அதை மீற வேலுமணிக்கு அதிகாரம் இல்லை. அம்பு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.